மலை ஏறாத துறவி

கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க, மேட்டில் இருந்த மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே ஒரு திட்டு கட்டி இறக்கி வைப்பார்கள். பார்த்திருப்பீர்கள். மோட்டாருக்கு வலு போதவில்லை என்பதல்ல காரணம். 5 குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துவிட்டு 10 குதிரைத்திறன் வைத்தாலும், நீர்மட்டத்துக்கு 10 மீட்டருக்கு மேல் இருந்துகொண்டு தண்ணீரை உறிஞ்ச முடியாது. நடைமுறையில் 7, 8 மீட்டரிலேயே திணற ஆரம்பித்துவிடும். அடியில் இருந்து மேலே தள்ளுவதற்கு இப்படி ஓர் எல்லை இல்லை. ஆழ்துளைக் கிணற்றின் அடியில் உட்கார்ந்திருக்கும் நீர்மூழ்கி மோட்டார் நூறு மீட்டருக்கு மேலும் ஏற்றிவிடும். மேலே இருந்து இழுப்பதற்குத்தான் எல்லை.

ஏன்? இந்தக் கேள்வியை 1630-க்கும் 1662-க்கும் நடுவில் ஐரோப்பாவில் சிலர் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் விடை தேடிய விதத்தில்தான், இன்று நாம் அறிவியல் முறை என்று சொல்வதன் பெரும்பகுதி உருவானது என்று நான் நினைக்கிறேன். நவீன அறிவியலின் தோற்றம் என்றதும் எல்லாரும் வானத்தைக் காட்டுவார்கள்: கோப்பர்நிக்கஸ், தொலைநோக்கி, கலிலியோ மீதான விசாரணை. பெரிய கதைதான், மறுக்கவில்லை. ஆனால் வானத்தைப் பார்க்க மட்டுமே முடியும். வியாழனைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்க முடியாது. பம்பிலும் குழாயிலும் அது முடியும். ஒன்றை மாற்றி, மற்றவற்றை அப்படியே விட்டு, என்ன ஆகிறது என்று கவனிக்கும் பழக்கம் அங்கேதான் நன்றாகக் கைவந்தது.

பழைய விடை எளிமையானது: இயற்கைக்கு வெற்றிடம் பிடிக்காது. வெற்றிடம் என்ற ஒன்று இருக்கவே முடியாது என்று வாதிட்டவர் அரிஸ்டாட்டில். ஒரு பொருள் நகரும் ஊடகம் எவ்வளவு மெலிதோ அவ்வளவு வேகமாக அது நகரும். ஊடகமே இல்லாவிட்டால் வேகத்துக்கு அளவே இராது, அது நடக்காத காரியம் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. பின்னால் வந்தவர்கள் இதை வைத்து எல்லாவற்றையும் விளக்கினார்கள். உறிஞ்சும்போது தண்ணீர் ஏன் ஏறுகிறது? வெற்றிடம் உண்டாகாமல் தடுக்க. வாயை அடைத்துவிட்ட துருத்தியை விரிப்பது ஏன் அவ்வளவு கஷ்டம்? அதே காரணம்தான். இதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. அன்றைக்குக் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் பொருந்திய விளக்கம் அது. எது நடந்தாலும் பொருந்திவிடும் என்பதுதான் அதில் இருந்த கோளாறு.

1630-இல் ஜெனோவாவைச் சேர்ந்த ஜொவான்னி பட்டிஸ்டா பாலியானி, கலிலியோவுக்கு ஒரு சிக்கலை எழுதினார். சுமார் 20 மீட்டர் உயரக் குன்று ஒன்றைத் தாண்டித் தண்ணீரைக் கொண்டுபோக வளைகுழாய் போட்டிருந்தார்கள். தண்ணீர் வரவில்லை. கலிலியோ சொன்ன விளக்கம் கேட்பதற்கு அழகாக இருக்கும். கயிற்றை மேலிருந்து தொங்கவிட்டு நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் தன் கனம் தாங்காமல் அதுவே அறுந்துவிடும் அல்லவா? தண்ணீர்த் தூணும் அப்படித்தான் என்றார் அவர். வெற்றிடத்தின் மீது இயற்கைக்கு உள்ள வெறுப்பு தண்ணீரைத் தாங்குகிறது, ஆனால் அந்த வெறுப்புக்கும் ஓர் அளவு உண்டு. 1638-இல் லெய்டன் நகரில் அச்சான தன் கடைசிப் பெரிய நூலில் பம்பு பழுதுபார்க்கும் ஒருவரைப் பற்றியும் எழுதினார். பம்பு கெட்டுவிட்டது என்று கூப்பிட்டால், வந்து பார்த்தவர் பம்பில் ஒரு குறையும் இல்லை என்கிறார். 18 பிராச்சாவுக்கு மேல் எந்தப் பம்பும் ஒரு மயிரிழைகூட உறிஞ்சாது என்று சொல்லிவிடுகிறார். பிராச்சா என்பது நம் முழம் போன்ற அளவு, கொஞ்சம் நீளம் அதிகம். அந்த 18 சுமார் 10 மீட்டர்.

ஆக, எல்லை எங்கே என்பது கைத்தொழில்காரர்களுக்கு முன்பே தெரியும். படித்தவர்கள் அதை அவர்களிடமிருந்து தெரிந்துகொண்டார்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டறையில் பேசப்பட்டதும் பல்கலைக்கழகத்தில் பேசப்பட்டதும் நூற்றாண்டுக்கணக்கில் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. அவை கலந்த இடங்களில் புதிய சிந்தனை பிறந்தது.

அதே 1630-இன் இறுதியில் பாலியானி இன்னொரு கடிதம் எழுதினார். கடலின் அடியில் இருப்பவரைத் தண்ணீர் அழுத்துவது போலக் காற்றின் கனம் நம்மை அழுத்துகிறது, அதுதான் காரணமாக இருக்கும் என்றார். சரியான விடை! கலிலியோவே கோட்டைவிட்டதை அவர் பிடித்துவிட்டார். ஆனாலும் எதுவும் நடக்கவில்லை. சரியான கருத்து ஒருவர் மனத்தில் தோன்றுவது வேறு, அது சரி என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வழி இருப்பது வேறு. 1630-இல் அந்த வழி இல்லை.

வழி இல்லாமல் எப்படித் தடுமாறினார்கள் என்பதற்கு ரோம் நகரத்து நிகழ்ச்சி ஒன்று நல்ல சான்று. 1640-களின் தொடக்கத்தில் காஸ்பரோ பெர்ட்டி என்பவர் 10 மீட்டருக்கும் நீளமான ஈயக் குழாயைத் தன் வீட்டு வெளிச்சுவரை ஒட்டி நிறுத்தினார். உச்சியில் ஒரு கண்ணாடிக் கலம். குழாய் முழுக்கத் தண்ணீரை நிரப்பி, மேல்வாயை அடைத்து, கீழே தொட்டிக்குள் அடைப்பைத் திறந்தார். தண்ணீர் கொஞ்சம் இறங்கி, அந்த 18 பிராச்சா உயரத்தில் நின்றது. மேலே காலியாகத் தெரிந்த இடத்தில் என்ன இருக்கிறது? அத்தனாசியுஸ் கிர்ச்சர் என்ற ஏசு சபைத் துறவி ஒரு யோசனை சொன்னார். உள்ளே ஒரு மணியைப் பொருத்தி, வெளியிலிருந்து காந்தத்தால் அதன் நாக்கை இழுத்து அடிக்கலாம், ஓசை கேட்டால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். செய்தார்கள். ஓசை கேட்டது. வெற்றிடம் இல்லை என்றவர்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தார்கள். மற்றவர்களோ, மணியைத் தாங்கிய கம்பி வழியாக ஓசை வந்திருக்கும் என்றார்கள். அவரவர் அவரவர் கருத்தோடு வீட்டுக்குப் போனார்கள். சோதனை செய்துவிட்டால் உண்மை தானாக வெளிவந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்த மணியை மறக்கக் கூடாது. இரண்டு தரப்புக்கும் சாதகமாகப் பேசக்கூடிய சோதனையால் எதுவும் முடிவாகாது.

கலிலியோவின் கடைசி மூன்று மாதங்கள் அவருடன் இருந்து உதவியவர் எவாஞ்செலிஸ்டா டாரிசெல்லி. 1642 ஜனவரியில் கலிலியோ இறந்ததும் டஸ்கனி பிரபுவின் கணித அறிஞராக அவருடைய இடத்துக்கு வந்தார். காற்றின் கனம்தான் தண்ணீரைத் தாங்குகிறது என்றால், தண்ணீரைவிட 14 மடங்கு கனமான பாதரசத்தை அது 14-இல் ஒரு பங்கு உயரத்துக்குத்தான் தாங்க வேண்டும். 10 மீட்டர் குழாய் வேண்டாம், ஆள் கையில் பிடிக்கும் குழாயே போதும். 1644-இல் ஃபிளாரன்ஸ் நகரில், அவர் சொன்னபடி கலிலியோவின் மாணவர் வின்சென்சோ விவியானி செய்துபார்த்தார். பாதரசம் எதிர்பார்த்த உயரத்தில், இன்றைய அளவில் ஏறக்குறைய 76 சென்டிமீட்டரில் நின்றது.

பள்ளிப் பாடம் இதோடு நிறுத்திவிடும். என்னைக் கவர்ந்தது அடுத்த விஷயம். டாரிசெல்லி இரண்டு குழாய்களைப் பயன்படுத்தினார். ஒன்று சாதாரணக் குழாய். மற்றதன் மேல்முனை பெரிய குமிழாக ஊதப்பட்டது. வெற்றிடம்தான் பாதரசத்தை மேலே இழுத்துப் பிடிக்கிறது என்றால், காலியிடம் அதிகம் உள்ள குமிழ்க் குழாயில் இழுப்பும் அதிகமாக இருக்க வேண்டும், பாதரசம் உயரமாக நிற்க வேண்டும். இரண்டிலும் ஒரே மட்டத்தில் நின்றது. எனவே காரணம் குழாய்க்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. 1644 ஜூன் 11-இல் ரோமில் இருந்த நண்பர் மிக்கேலாஞ்செலோ ரிச்சிக்கு இதையெல்லாம் எழுதி, நாம் காற்று என்னும் கடலின் அடியில் மூழ்கி வாழ்கிறோம் என்றார். அதை அவர் அச்சிடவில்லை. 1647-இல், 39 வயதில் இறந்துவிட்டார்.

கடிதம் மட்டும் பயணம் செய்தது. பாரிஸில் மாரின் மெர்சென் என்றொரு துறவி இருந்தார். மினிம் சபை என்ற கடுந்தவச் சபையைச் சேர்ந்தவர். ஐரோப்பாவின் அறிஞர்கள் பலருக்கும் அஞ்சல் நிலையம் மாதிரி அவருடைய மடத்து அறை. ஒருவர் எழுதியதை இன்னொருவருக்கு அனுப்புவார், கேள்வி கேட்பார், சண்டை மூட்டுவார், சமாதானமும் செய்வார். ஆய்விதழ் என்ற ஒன்று இல்லாத காலத்தில் அந்த வேலையை இவர் ஒருவரே செய்தார். 1644-ஆம் ஆண்டின் இறுதியில் இத்தாலிக்குப் போனவர் இந்தச் செய்தியோடு திரும்பினார். பாரிஸில் செய்துபார்க்க நினைத்தார், முடியவில்லை. பாதரசத்தின் கனத்தைத் தாங்கும் நல்ல கண்ணாடிக் குழாய் கிடைக்கவில்லை.

பிரான்சிலேயே ருவான் நகரில் கிடைத்தது. அங்கே தேர்ந்த கண்ணாடித் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1646-இல் அந்த ஊரில் பியேர் பெட்டி என்ற பொறியாளரும், 23 வயதுக் கணித அறிஞர் பிளேஸ் பாஸ்கலும் சேர்ந்து சோதனையைத் திரும்பச் செய்தார்கள். இயற்கை அறிவியலின் வரலாற்றில் கண்ணாடி ஊதியவர்களின் பெயர்களும் இருந்திருக்க வேண்டும். எங்கும் பதிவாகவில்லை.

அந்தக் காலியிடத்தில் திரவத்திலிருந்து எழும் ஆவி நிறைந்திருக்கிறது என்பது எதிர்த்தரப்பின் வாதம். பாஸ்கல் அவர்களிடம் முன்கூட்டியே ஒரு கேள்வி கேட்டார். தண்ணீர், ஒயின் இரண்டில் எதில் ஆவி அதிகம்? ஒயினில்தான் என்றார்கள். அப்படியானால் ஒயின் நிரப்பிய குழாயில் ஆவி அதிகமாகித் திரவம் கீழே இருக்க வேண்டும். காற்றின் கனம்தான் காரணம் என்றால், தண்ணீரைவிட இலேசான ஒயின் கொஞ்சம் உயரமாக நிற்க வேண்டும். 46 அடி நீளக் கண்ணாடிக் குழாய்களைக் கப்பல் பாய்மரத்தில் கட்டி, ஊரார் முன்னால் நிமிர்த்திக் காட்டினார். ஒயின் உயரமாக நின்றது. ரோமின் மணியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். முடிவு தெரிவதற்கு முன்பே இரண்டு தரப்பும் என்ன வரும் என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. பிறகு பேச்சை மாற்ற இடமில்லை.

1647-இல் எத்தியேன் நொயேல் என்ற ஏசு சபை ஆசிரியர் பாஸ்கலை மறுத்துக் கடிதம் எழுதினார். வெற்றிடம் போலத் தெரிவதில் கண்ணாடியின் நுண்துளைகள் வழியே நுழைந்த மெல்லிய காற்று இருக்கிறது என்றார். அக்டோபர் 29-இல் பாஸ்கல் எழுதிய பதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதன் சாரம் இதுதான்: கண்ட நிகழ்ச்சிகள் எல்லாம் ஒரு கருதுகோளுக்குப் பொருந்தினாலும், அது உண்மை என்று ஆகிவிடாது. ஆனால் ஒரே ஒரு நிகழ்ச்சி அதற்கு எதிராக நின்றாலும், அது பொய் என்று காட்ட அதுவே போதும். எது நடந்தாலும் பொருந்தும் விளக்கத்தின் மீது இருந்த பழைய மரியாதை இங்கே போய்விட்டது. பொருத்தம் பெருமை இல்லை. மாட்டிக்கொள்ளும் துணிவு வேண்டும்.

அப்புறம் மலை.

காற்றுக் கடலின் அடியில் நாம் இருக்கிறோம் என்றால், மேலே போகப் போக நம் தலைக்கு மேல் காற்று குறையும். பாதரசமும் இறங்க வேண்டும். வெற்றிடத்தை இயற்கை வெறுப்பதுதான் காரணம் என்றால், மலையடியில் ஒரு மாதிரியும் உச்சியில் ஒரு மாதிரியும் அது வெறுக்க முடியாது. பாஸ்கல் பிறந்த ஊர் கிளெர்மோன். பக்கத்தில் புய் டெ டோம் என்ற அணைந்த எரிமலை, 1,465 மீட்டர் உயரம். பாஸ்கலுக்கு உடம்பு சரியில்லை, அவர் பாரிஸில் இருந்தார். 1647 நவம்பரில் அக்காள் கணவர் ஃபுளோரின் பெரியேவுக்கு எழுதினார். பெரியேவின் அலுவல்களாலும் பனியாலும் மூடுமேகத்தாலும் பத்து மாதம் தள்ளிப்போனது.

1648 செப்டம்பர் 19, சனிக்கிழமை. காலை 5 மணிக்கு வானிலை நிச்சயமில்லாமல்தான் இருந்தது, ஆனால் மலையுச்சி கண்ணுக்குத் தெரிந்தது. 8 மணிக்கு மினிம் சபை மடத்தின் தோட்டத்தில் எல்லாரும் கூடினார்கள். ஊரிலேயே தாழ்வான இடங்களில் ஒன்று அது. துறவிகள், மன்ற உறுப்பினர்கள், ஒரு மருத்துவர் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் சாட்சி. மூன்று நாளாகச் சுத்தப்படுத்திய பாதரசம். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குழாய்கள், நான்கடி நீளம். முதலில் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து அளந்தார் பெரியே. இரண்டிலும் ஒரே உயரம், இன்றைய கணக்கில் 712 மில்லிமீட்டர். திரும்பத் திரும்பச் செய்து உறுதிப்படுத்திக்கொண்டார்.

பிறகு ஒரு குழாயை அங்கேயே நிறுத்தி, சாஸ்டன் என்ற துறவியிடம் ஒப்படைத்தார். நாள் முழுவதும் இதைப் பார்த்துக்கொண்டே இருங்கள், ஏதாவது மாறுகிறதா என்று கவனியுங்கள் என்பது அவருக்குச் சொன்ன வேலை. இன்னொரு குழாயோடு மற்றவர்கள் மலை ஏறினார்கள்.

உச்சியில் 627 மில்லிமீட்டர்தான் இருந்தது. 85 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. வியப்பில் நின்றுவிட்டோம் என்று பெரியே எழுதினார். அதோடு நிற்கவில்லை. உச்சியில் இருந்த சிறு கோயிலுக்குள், திறந்த வெளியில், காற்றுக்கு மறைவாக, காற்று வீசும் பக்கத்தில், மழைத்தூறலில் என்று ஐந்து முறை அளந்தார். ஒரே விடை. இறங்கும் வழியில் பாதியில் நின்று அளந்தார், இரண்டுக்கும் நடுவான உயரம் வந்தது. மடத்துக்குத் திரும்பி, கொண்டுபோன குழாயை மறுபடி அளந்தார், காலையில் இருந்த 712 வந்தது. சாஸ்டனிடம் கேட்டார்கள். அன்று வானம் தெளிவாக இருந்தது, மழை பெய்தது, மூடுபனி வந்தது, காற்று அடித்தது, இருந்தாலும் பாதரசம் அசையவில்லை என்றார்.

அன்றைய நாளில் முக்கியமானவர் இந்த சாஸ்டன்தான் என்பது என் எண்ணம். மலையேறியவர்களுக்கு ஒரு பயணம் இருந்தது, வியப்பு இருந்தது. இவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதைக் கவனித்துச் சொல்வதுதான் இவர் வேலை. அவர் இல்லையென்றால் உச்சியில் கிடைத்த 85 மில்லிமீட்டருக்கு மதிப்பே இல்லை. அன்று மதியம் வானிலை மாறியதால் எல்லா இடத்திலும் பாதரசம் இறங்கியிருக்கலாமே என்று எவரும் கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியை எதிராளி கேட்பதற்கு முன்பே தானே கேட்டு, அதற்கு ஓர் ஆளை உட்கார வைத்ததில்தான் புதிய சிந்தனை இருக்கிறது. இன்று மருந்து ஆய்வில் ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றொரு குழுவுக்கு வெறும் மாத்திரையும் கொடுக்கிறார்களே, அந்த இரண்டாவது குழு செய்வது சாஸ்டன் செய்ததைத்தான். இதற்கு முன் யாருமே இப்படி யோசித்ததில்லை என்று சொல்ல மாட்டேன். 11-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் ஒளியை ஆராய்ந்த இப்னு அல் ஹைதம் சோதனைகளை மிகக் கவனமாகக் கட்டியவர், ஐரோப்பா அவரிடம் கற்றது. ஆனால் இவ்வளவு முழுமையாக, ஒரே நாளில், எல்லாரும் படித்துத் திரும்பச் செய்யும்படி எழுதி வைக்கப்பட்ட சோதனைகள் அதற்கு முன் அரிது.

பாஸ்கலும் அதுவரை பழைய கருத்தை முழுக்க விட்டிருக்கவில்லை. 1647-இல் வெளியிட்ட சிறு நூலில், வெற்றிடத்தை இயற்கை வெறுக்கிறது, ஆனால் அதற்கு ஓர் அளவுண்டு என்ற இடத்திலேயே நின்றார். மலைச் சோதனையை வெளியிட்டபோது, எல்லாரும் ஏற்ற கருத்தைக் கைவிடுவதில் தனக்கு வருத்தம் உண்டு என்றும், உண்மையின் வலுவுக்குப் பணிந்தே கைவிடுவதாகவும் எழுதினார். எனக்கு அந்த வருத்தம் பிடித்திருக்கிறது. இலகுவாக விட்டுவிடாமல், ஒவ்வொரு படியாக, விட்டே ஆகவேண்டிய இடம் வந்தபோது விட்டார்.

மெர்சென் இந்தச் செய்தியைக் கேட்கவில்லை. செப்டம்பர் 1-ஆம் தேதி, மலையேற்றத்துக்கு 18 நாள் முன்பு, இறந்துவிட்டார். மெர்செனும் சாஸ்டனும் ஒரே சபைத் துறவிகள் என்பதைக் கவனியுங்கள். பாஸ்கலின் பக்தி ஊரறிந்தது. மதத்தை எதிர்த்து அறிவியல் எழுந்தது என்ற ஒற்றை வரிக் கதைக்குள் இந்த மனிதர்களை அடைக்க முடியாது. 1633-இல் கலிலியோவைத் திருச்சபை விசாரித்துத் தண்டித்தது உண்மை, அந்த அச்சம் இத்தாலியில் பலருடைய பேனாவைக் கட்டிப்போட்டது. அதே காலத்தில் கிளெர்மோனில் ஒரு துறவி மடத்துத் தோட்டத்தில் உட்கார்ந்து பாதரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் நடந்தவைதான்.

ஜெர்மனியில் இன்னொருவர் இந்த விவாதம் எதையும் பெரிதாகக் கேள்விப்படாமல், நேராகக் காற்றையே இறைக்க முயன்றுகொண்டிருந்தார். மாக்டெபர்க் நகரத் தலைவர்களில் ஒருவரான ஓட்டோ ஃபான் கெரிக். 1631-இல் அந்த நகரம் படையெடுப்பில் எரிந்து, மக்களில் பெரும்பகுதியினர் மாண்டார்கள். பிழைத்தவர்களில் ஒருவரான கெரிக், பொறியாளராக நகரத்தை மீண்டும் கட்டியெழுப்ப உழைத்தார். முதலில் மரப்பீப்பாயில் தண்ணீரை நிரப்பி அதை இறைத்துப் பார்த்தார். மரத்தின் இடுக்குகள் வழியாகக் காற்று இரைச்சலோடு உள்ளே புகுந்தது. செம்புக் கோளத்தில் இறைத்தார், அது அப்பளம் மாதிரி நொறுங்கியது. நல்ல உருண்டையாகச் செய்ததும் நின்றது. 1657-இல் இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து, உள்ளே காற்றை இறைத்து, பக்கத்துக்கு எட்டாக 16 குதிரைகளைப் பூட்டி இழுக்க வைத்தார். ஏறக்குறைய அரை மீட்டர் குறுக்களவுள்ள கோளத்தை வெளிக்காற்று 2 டன் விசையோடு அழுத்திக்கொண்டிருக்கும். குதிரைகள் படாத பாடு பட்டன.

அந்தப் பம்பைப் பற்றி அச்சில் படித்த ராபர்ட் பாயில், ஆக்ஸ்ஃபோர்டில் அதைவிட நல்ல கருவி ஒன்றைச் செய்வித்தார். செய்தவர் அவருடைய உதவியாளர், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ராபர்ட் ஹூக். மேலே பெரிய கண்ணாடிக் கலம், கீழே பல்சக்கரத்தால் ஏறி இறங்கும் பிஸ்டன். கண்ணாடி என்பதால் உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். 1660-இல் பாயில் 43 சோதனைகளை வெளியிட்டார். அவர் மிக முக்கியமாக நினைத்தது 17-ஆவது: டாரிசெல்லியின் குழாயையே கலத்துக்குள் வைத்துக் காற்றை இறைப்பது. மலைக்குப் போக வேண்டியதில்லை, காற்றுக் கடலை மேசைமேலேயே வற்ற வைக்கலாம். இறைக்க இறைக்கப் பாதரசம் இறங்கியது. முழுக்க இறங்கவில்லை, ஓர் அங்குலம் போல மிஞ்சியது. கருவி கசிகிறது என்று அவரே எழுதினார்.

பாயிலின் எழுத்து நீளமானது, சுற்றி வளைப்பது. ஆனால் அந்த நீளத்துக்குக் காரணம் உண்டு. எந்த மாதிரிக் கலம், மூடியை எதனால் ஒட்டினோம், எத்தனை முறை இறைத்தோம், யார் யார் இருந்தார்கள், எது சொதப்பியது என்று எல்லாவற்றையும் சொல்கிறார். நன்கு மெருகிட்ட இரண்டு பளிங்குத் தகடுகள் ஒட்டிக்கொள்வதற்கும் காற்றழுத்தமே காரணம், எனவே கலத்துக்குள் அவை பிரிந்து விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை. அதையும் அச்சிட்டார். தோற்ற சோதனையை வெளியிடுவது அன்று புதுமை. படிப்பவரை அறைக்குள்ளேயே உட்கார வைத்துக் காட்டுவது போன்ற எழுத்து அது.

1660 நவம்பர் 28 அன்று லண்டனில், கிரஷாம் கல்லூரியில் கிறிஸ்டோஃபர் ரென் ஆற்றிய உரைக்குப் பின், 12 பேர் கூடி இப்படிப்பட்ட சோதனைகளுக்காக ஒரு கழகம் அமைத்தார்கள். பாயிலும் அவர்களில் ஒருவர். ராயல் சொசைட்டி ஆனது அதுதான். யாருடைய வார்த்தையையும் அப்படியே நம்பிவிடாதே என்ற பொருள் தரும் லத்தீன் தொடரைத் தன் முழக்கமாக எடுத்துக்கொண்டது. 1665 மார்ச்சில் அதன் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய இதழ், மெர்செனின் அறை செய்த வேலையை அச்சில் செய்ய ஆரம்பித்தது. அந்த இதழ் இன்றும் வருகிறது.

எல்லாரும் கைதட்டவில்லை. தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1661-இல் கடுமையாகத் தாக்கினார். அவருடைய வாதங்களைத் தோற்றவர் வாதம் என்று ஒதுக்குவது அநியாயம். பம்பு கசிகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு உள்ளே வெற்றிடம் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். உங்கள் கூட்டத்துக்கு விரும்பிய எவரும் வர முடியுமா, முடியாதே, பிறகு எல்லாரும் பார்த்த உண்மை என்று எப்படிச் சொல்லலாம் என்றும் கேட்டார். இரண்டாவது கேள்வி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. பாயில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட சாட்சிகள் கனவான்கள். வியர்வை சிந்தப் பம்பை இறைத்த வேலையாட்களின் பெயர் அந்தப் பக்கங்களில் இல்லை. பெண்களுக்கு அந்தக் கழகத்தில் 1945 வரை உறுப்பினராக இடமில்லை. யாருடைய வார்த்தையையும் நம்பாதே என்றவர்கள், யாருடைய வார்த்தை சாட்சியாக எடுபடும் என்பதில் தங்கள் காலத்து வழக்கத்தைத் தாண்டவில்லை.

இன்னொரு எதிராளி ஃபிரான்சிஸ் லைன். காற்றுக்கு நீங்கள் சொல்லும் அளவு வலு கிடையாது, கண்ணுக்குத் தெரியாத நூல் ஒன்று பாதரசத்தை மேலிருந்து பிடித்திருக்கிறது என்றார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியே பாயில் வளைந்த குழாயில் காற்றை அடைத்துப் பாதரசம் ஊற்றி அழுத்தினார். காற்றின் அளவு பாதியாகும்போது அழுத்தம் இரண்டு மடங்காக வேண்டும் என்பது கணக்கு, அதாவது 58 1/4 அங்குலப் பாதரசம். வந்தது 58 13/16. இரண்டு எண்களையும் அருகருகே பட்டியலில் அச்சிட்டார், 1662-இல். பள்ளியில் நாம் படித்த பாயில் விதி இதுதான். ஓர் எதிராளியின் பிடிவாதம் இல்லாமல் அது பிறந்திருக்காது.

அதே நேரத்தில் ஹாலந்தில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் சொந்தமாக ஒரு பம்பு செய்து, எவரும் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். கரைந்திருந்த காற்றை நீக்கிய தண்ணீரைக் குழாயில் நிரப்பிக் கலத்துக்குள் வைத்து இறைத்தால், தாங்குவதற்குக் காற்று இல்லாதபோதும் தண்ணீர் இறங்காமல் தொங்கியது. லண்டனில் இருந்தவர்கள் உங்கள் கருவியில்தான் கோளாறு என்றார்கள். 1663-இல் ஹைகன்ஸ் லண்டனுக்கே வந்தார், அங்கேயும் அது நடந்தது. அதற்காக யாரும் காற்றழுத்தத்தைக் கைவிடவில்லை, நடந்ததை மறைக்கவும் இல்லை. விடை தெரியாத ஒன்றாகப் பதிவு செய்து வைத்தார்கள்.

விடை வர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கிணற்றடியில் நிற்கும் தென்னையைப் பாருங்கள். 20 மீட்டருக்கு மேல் வளர்ந்தாலும் உச்சி ஓலை வரை தண்ணீர் ஏறுகிறது. 10 மீட்டர் எல்லை அதற்கு இல்லை, அடியில் மோட்டாரும் இல்லை. 1894-இல் டப்ளினில் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். மரத்துக்குள் ஓடும் நுண்குழாய்களில் காற்றுக் குமிழி இல்லாத தண்ணீர், ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அறுபடாத இழையாக நிற்கிறது. இலையில் நீர் ஆவியாக, மேலிருந்து அந்த இழை இழுபடுகிறது. ஹைகன்ஸின் குழாயில் தொங்கியதும் இப்படிப்பட்ட தண்ணீர்தான். பம்பைப் பொறுத்தவரை கலிலியோ சொன்னது தவறு. ஆனால் மேலிருந்து தொங்கும் கயிறு போன்ற தண்ணீர் என்று அவர் எழுதினாரே, அது தென்னைக்குள் இருக்கிறது.